விளிம்பின் சூடு

டிஸ்க் பிரேக் வேண்டுமா என்று கேட்டால்
எந்த ரோட்டில் என்று திருப்பிக் கேட்பேன்.

குத்ராவில் விடிகாலை நாலரைக்குத் தொடங்கி
எண்பது கிலோமீட்டர் ஓட்டினோம் நானும் ததேயுவும்.
பிரேக்கைத் தொட்டது இரண்டே தடவை:
பாதையின் குறுக்கே நின்ற ஒட்டகத்துக்காக ஒன்று,
கார் நிறுத்திய இடம் வந்துவிட்டதால் இன்னொன்று.
மற்றபடி நிறுத்துகிற வேலையை
எதிர்க்காற்றே பார்த்துக்கொண்டது,
சம்பளம் வாங்காமல்.

ததேயுவுடையது கார்பன், தகடு வைத்த பிரேக்,
தவணை இன்னும் ஏழு மாதம்.
மணற்காற்று அடித்த மறுநாள்
தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே ஒரு துகள் ஏறி உட்கார்ந்து
ஸ்ஸ் ஸ்ஸ் என்று வழி நெடுக
பூசை நேரத்தில் பின் பெஞ்சில் பேசுகிறவன் மாதிரி.
என்னுடையது அலுமினியம்.
மணிலாவுக்கே திரும்பிப் போன ரோமெல்
அறுநூறு திர்ஹமுக்குக் கொடுத்தது.
ரப்பர் கட்டைகள், ஒரு கம்பி, ஒரு ஆலன் சாவி.
ஊசி போட்டு எண்ணெய் ஏற்ற வேண்டாம்,
உள்ளே காற்றுப் புகுந்ததா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி எனக்கா சொல்கிறாய் என்பேன்.
பதினாலு வருஷமாக லிஃப்ட் பிரேக் பார்க்கிறவன்.
அங்கே ஸ்பிரிங் எப்போதும் இறுக்கிப் பிடித்தே இருக்கும்,
கரண்ட் வந்தால்தான் விடும்.
நிற்பது அதன் குணம்; போவதற்குத்தான் உத்தரவு வேண்டும்.
சைக்கிள் நேர் எதிர் என்று
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு அல் ஐன் போனோம்,
ஜெபல் ஹஃபீத்.
ஏற்றத்தில் எந்த பிரேக்கும் நல்ல பிரேக்தான்.
உச்சியில் ஆளுக்கு இரண்டு பேரீச்சை.
கொட்டையைத் துப்பிவிட்டு
"கீழே பார்க்கலாம்" என்றான் ததேயு.

முதல் வளைவு. பிடித்தேன், பிடித்தது.
நாலாவது வளைவு. பிடித்தேன், யோசித்தது.
ஏழாவதில் ரப்பர் கருகும் நாற்றம்,
முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன்.
முன்னால் லாரியே இல்லை.
ததேயு
ஒற்றை விரலால் பிரேக்கைத் தட்டிவிட்டு
பாறைக்குப் பின்னால் காணாமல் போனான்.
என் பத்து விரலும் கைப்பிடியில் கெஞ்சிக்கொண்டிருந்தன.

தடுப்புச் சுவரோரம் எப்படியோ நின்று
எவ்வளவு சூடு என்று பார்க்க
ரிம்மைத் தொட்டேன்.
வலது ஆள்காட்டி விரல்.

சுழன்று நின்ற எதையும் உடனே தொடாதே:
புதுப் பையன்களுக்கு நான் எடுக்கும் பாதுகாப்பு வகுப்பில்
இரண்டாவது பாடமே அதுதான்.

மலையடியில் கஃபட்டீரியா வாசலில்
எனக்கும் ஒரு கரக் வாங்கி வைத்திருந்தான்.
ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.
விரலைப் பார்த்தான்.
ஐஸ் கேட்டு வாங்கி வந்து கொடுத்தான்.
டிஸ்க் என்ற சொல்லை அவன் எடுக்கவேயில்லை.
அதுதான் எரிந்தது, விரலைவிட.

திங்கள் காலை ஆறு மணி, வருகை மெஷின்.
விரலை வைத்தேன். சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
ஊதி வைத்தேன்.
கொப்புளத்துக்கு ரேகை கிடையாதாம்.
எனக்குப் பின்னால் பதினேழு ஹெல்மெட்
என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றன.
"தொடுங்கள் சேட்டா, நல்லா அழுத்தித் தொடுங்கள்" என்று
மலையாளம் கலந்து ஒருவன் பின்னாலிருந்து ஊக்கம் கொடுத்தான்.
மெஷின் அறியாத ஆள் வேலைக்கு வராத ஆள்.
அரை நாள் போயிற்று.

மதியச் சோற்றில் கணக்குப் போட்டேன், இடது கையால்.
வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்,
அதில் இறக்கம் பதினொன்று.
மிச்சத்தில் பிரேக் என்பது
ஒட்டகத்துக்குக் காட்டும் மரியாதை.
அந்தப் பதினொன்றுக்காக யாராவது ஐயாயிரம் திர்ஹம் கொடுப்பார்களா?
பைத்தியமா?

வாதம் சரியாகத்தான் இருந்தது.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
பிறகு ஐந்து எழுத்துப் பிழையோடு
ததேயுவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்:

தவணை மாதத்துக்கு எவ்வளவு வருது?